டார்வின் எண்ணிப் பார்த்த 127 செடிகள்

பிள்ளைகள் ஏன் பெற்றவர்களைப் போல இருக்கிறார்கள் என்பது டார்வினுக்குத் தெரியாது. பத்துப் பிள்ளைகள் பெற்ற மனிதர், வீட்டிலேயே புறா வளர்த்து இனம் கலந்து பார்த்தவர், கொட்டலசுகளை (பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் ஓட்டுயிர்களை) மட்டுமே எட்டு வருடம் உட்கார்ந்து அறுத்து ஆராய்ந்தவர். ஆனாலும் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்ன போகிறது, எப்படிப் போகிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில், மரபை ஆளும் விதிகள் சுத்தமாகத் தெரியாதவை என்று எழுதினார். 1872-ல் வந்த ஆறாவது பதிப்பில் அதையே 'பெரும்பாலும்' தெரியாதவை என்று திருத்தினார். பதிமூன்று வருடத்தில் நடந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

"பரிணாமக் கொள்கையை விஞ்ஞானிகளே மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, அப்புறம் அதை எப்படி நம்புவது?" என்று கேட்பவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். மாறியது உண்மைதான், நிறையவே மாறியிருக்கிறது. ஆனால் எது மாறியது என்று பார்க்க வேண்டும். உயிர்கள் காலப்போக்கில் மாறினவா, அவற்றுக்குப் பொதுவான மூதாதை உண்டா என்பது ஒரு கேள்வி. எப்படி மாறின என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில், புத்தகம் வந்த பத்துப் பதினைந்து வருடத்திலேயே பெரும்பாலான உயிரியலாளர்கள் டார்வின் பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டாவது கேள்வியில்தான் அடிதடி, அது இன்றுவரை ஓயவில்லை. அந்த அடிதடியில் பாதிக்கு மேல், கொஞ்சம் கிளறிப் பார்த்தால், மரபு எப்படி இறங்குகிறது என்ற அந்த ஓட்டையில்தான் போய் நிற்கிறது.

டார்வினுக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1796-ல் பாரிஸில் கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் மாமூத்தின் தாடையையும் பற்களையும் இந்திய, ஆப்பிரிக்க யானைகளோடு வைத்து ஒப்பிட்டு, இது இரண்டிலும் சேராது, இந்த விலங்கு பூமியிலிருந்தே அழிந்துபோய்விட்டது என்று காட்டினார். ஒரு இனம் மொத்தமாக அழிந்துபோக முடியும் என்பதே அன்றைக்குப் புதுச் செய்தி. ஆனால் ஒரு இனம் இன்னொன்றாக மாறும் என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. எகிப்திலிருந்து வந்த அரிவாள்மூக்கன் பறவையின் மம்மியை எடுத்து அளந்து, ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தைய பறவையும் இன்றைய பறவையும் ஒன்றுதானே, எங்கே மாறியது என்று கேட்டார். அதே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த லமார்க், எகிப்தின் தட்பவெப்பமே மாறவில்லை, பறவை மட்டும் எதற்கு மாறும் என்று பதில் சொன்னார். நல்ல பதில்தான்.

லமார்க் என்றதும் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டி நீளமாக்கிய கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, 'அது தப்பு, டார்வின் சொன்னது சரி' என்று கடந்து போவது பாடப்புத்தக வழக்கம். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. உடம்பை உபயோகிக்கும் விதம் அடுத்த தலைமுறைக்கு இறங்கும் என்பதை டார்வினும் நம்பினார். வீட்டு வாத்தின் இறக்கை எலும்பு காட்டு வாத்தை விட லேசாகவும் கால் எலும்பு கனமாகவும் இருப்பதை நிறுத்துக் காட்டி, பறப்பது குறைந்து நடப்பது கூடியதால் வந்த மாற்றம் இது, பரம்பரையாக இறங்கியிருக்கிறது என்று 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். லமார்க்கை டார்வின் தூக்கி எறிந்தார் என்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. அதை உண்மையில் செய்தவர் ஜெர்மனியின் வைஸ்மன், 1880-களில். எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டே வந்தார், பிறந்த குட்டி ஒவ்வொன்றும் முழு வாலோடுதான் பிறந்தது. அந்தச் சோதனையை விட முக்கியம் அதற்குப் பின்னால் இருந்த அவருடைய வாதம்: இனப்பெருக்க செல்கள் தனி வழியில் போகின்றன, உடம்புக்கு நேர்வது அங்கே எழுதப்படுவதில்லை.

சரி, டார்வினின் ஓட்டைக்கு வருவோம். இயற்கைத் தேர்வு என்பது சுலபமான யோசனை: பிறப்பவை அதிகம், பிழைப்பவை குறைவு, ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம், அந்த வித்தியாசத்தால் கொஞ்சம் கூடுதலாகப் பிழைப்பவை அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. கடைசிப் பகுதியில்தான் சிக்கல். அன்றைக்கு எல்லாரும், டார்வின் உட்பட, பெற்றோரின் குணங்கள் இரண்டு நிறப் பெயிண்டைக் கலப்பது போலக் கலக்கின்றன என்று நினைத்தார்கள். 1867-ல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர், கடலடித் தந்திக் கம்பி போடுவதில் கைதேர்ந்தவர், ஒரு விமர்சனத்தில் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு விலங்குக்கு அருமையான ஒரு புதுக் குணம் வருகிறது என்று வையுங்கள். அது சாதாரண விலங்கோடுதான் இணைய வேண்டும். குட்டிக்குப் பாதி, பேரனுக்குக் கால் பங்கு, அப்படியே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024-ல் ஒரு பங்கு. ஒரு வாளி வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுக் கலக்கியது மாதிரி. தேர்வு செய்ய அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

இதற்கு டார்வினிடம் நேரான பதில் இல்லை. உடம்பின் ஒவ்வொரு பகுதியும் நுண்ணிய துகள்களை விடுகிறது, அவை எல்லாம் போய் இனப்பெருக்க உறுப்பில் சேருகின்றன என்று 1868-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவருடைய உறவினர் கால்டன் ஒரு நிற முயலின் ரத்தத்தை இன்னொரு நிற முயலுக்கு ஏற்றி, குட்டிகளின் நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். மாறவில்லை. ரத்தத்தில் துகள் போகிறது என்று நான் சொல்லவே இல்லையே என்று டார்வின் சமாளித்தார்.

எனக்குத் தாங்காத இடம் இனிமேல்தான். துகள் கருத்தை வெளியிட்ட அதே 1868 நூலில், டார்வின் தன் தோட்டத்தில் செய்த ஒரு சோதனையையும் எழுதியிருக்கிறார். ஸ்னாப்டிராகன் செடியின் சாதாரணப் பூ இரண்டு உதடு வைத்த வாய் மாதிரி இருக்கும். அபூர்வமாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக, குழாய் போலப் பூக்கும் ஒரு ரகமும் உண்டு. இரண்டையும் கலந்தார். பிறந்த செடிகளில் 90-ன் பூக்களைக் கவனமாகப் பார்த்தார், எல்லாமே சாதாரண வாய்ப்பூ, குழாய்ப்பூவின் சாயல்கூட இல்லை. அந்தச் செடிகளைத் தாமாகவே விதை போட விட்டார். முளைத்தவை 127. அவற்றில் 88 வாய்ப்பூ, 37 முழுக் குழாய்ப்பூ, 2 மட்டும் இடைப்பட்டவை. காணாமல் போன குணம் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து, கலங்காமல், நீர்க்காமல், முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. பெயிண்ட் கணக்குக்கு அந்தத் தோட்டமே மறுப்பு. எண்ணிக்கையை எழுதி வைத்தார், ஒரு போக்கு உள்ளே மறைந்திருந்தது என்று விளக்கமும் சொன்னார், விகிதத்தை மட்டும் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார்.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 1865-ல், பிர்னோ நகரத்து மடாலயத் துறவி மெண்டல் இதே மாதிரியான கணக்கைப் பட்டாணியில் போட்டு உள்ளூர் அறிவியல் சங்கத்தில் படித்துவிட்டார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850, மூன்றுக்கு ஒன்று. டார்வினின் 88-க்கு 37 இரண்டரைக்கு ஒன்றுக்குப் பக்கத்தில்தான் வருகிறது, ஆனால் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்த விலகல் சகஜம். மெண்டலின் பலம் ஆயிரக்கணக்கில் எண்ணியது, அதோடு மரபு என்பது கலக்காத தனித்தனித் துண்டுகளாக இறங்குகிறது என்று படித்துச் சொன்னது. (மெண்டலின் கட்டுரை டார்வினின் அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தது என்று ஒரு கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய். மெண்டல்தான் டார்வினின் புத்தகத்தை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வாங்கிக் கோடு போட்டுப் படித்திருக்கிறார்.)

இதற்கு நடுவில் இன்னொரு பக்கம் இயற்பியலில் இருந்தும் அடி. டார்வின் சொன்ன மெதுவான மாற்றத்துக்கு ஏராளமான காலம் வேண்டும், பூமிக்கு அவ்வளவு வயது இல்லை என்றார்கள். பூமி எவ்வளவு காலமாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று இயற்பியலாளர் கெல்வின் 1862-ல் கணக்குப் போட்டு, 2 கோடியிலிருந்து 40 கோடி வருடத்துக்குள் என்றார். 1897-க்குள் அதை 2 முதல் 4 கோடி என்று இறுக்கிவிட்டார். தெற்கு இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்படவே 30 கோடி வருடம் ஆகியிருக்கும் என்று முதல் பதிப்பில் எழுதிய டார்வின், அந்தக் கணக்கை மூன்றாம் பதிப்பிலேயே நீக்கிவிட்டார். கெல்வின் தப்பியதற்குக் கதிரியக்கம் அவருக்குத் தெரியாததுதான் காரணம் என்று பொதுவாக எழுதுவார்கள். அது பெரிய காரணம் இல்லை. பூமியின் உள்பகுதி கட்டியாக உறைந்து கிடக்காமல் மெதுவாகப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் கணக்கே மாறிவிடும் என்று அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெரி 1895-லேயே காட்டினார், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதிரியக்கத்தின் பெரிய உதவி, வயதை அளக்க ஒரு கடிகாரம் கொடுத்தது. 1956-ல் கிளேர் பேட்டர்சன் அந்தக் கடிகாரத்தை வைத்துச் சொன்ன 455 கோடி வருடம் இன்றுவரை பெரிதாக அசையவில்லை.

1900-ல் மெண்டல் மறுபடி கண்டெடுக்கப்பட்டார். இப்போது ஓட்டை அடைபட்டு, டார்வின் ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. மரபணு தனித்தனித் துண்டு என்றால் மாற்றமும் துண்டு துண்டாக, ஒரே தாவலில்தானே வரும், டார்வின் சொன்ன சின்னச் சின்ன வித்தியாசங்களுக்கு அங்கே என்ன வேலை என்று மெண்டல் கட்சிக்காரர்கள் கேட்டார்கள். மெண்டலை மறுபடி கண்டெடுத்தவர்களில் ஒருவரான டி வ்ரீஸ் ஒருவகை மாலைப்பூச் செடியில் திடீரெனப் புது இனங்களே தோன்றுவதைப் பார்த்ததாகச் சொன்னார். பிற்பாடு பார்த்தால் அதில் பெரும்பகுதி அந்தச் செடியின் விசித்திரமான குரோமோசோம் குளறுபடி. ஆனால் சுமார் இருபது வருடம், இயற்கைத் தேர்வு காலாவதியாகிவிட்டது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது கணக்கு. ஒரு குணத்தின் பின்னால் ஒரே மரபணுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உயரம் மாதிரி ஒன்றுக்குப் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களித்தால், ஒவ்வொன்றும் மெண்டல் சொன்னபடி துண்டாகவே இறங்கினாலும், கூட்டுத்தொகை படிக்கட்டாக இல்லாமல் சரிவாகத் தெரியும் என்று 1918-ல் புள்ளியியலாளர் ஃபிஷர் காட்டினார். ஜென்கின் சொன்ன நீர்த்துப்போவதும் நடக்காது, ஏனென்றால் துண்டுகள் கரைவதே இல்லை. ஹால்டேன் 1924-ல் ஒரு அந்துப்பூச்சியை எடுத்துக்கொண்டார். மான்செஸ்டரில் 1848-ல் அபூர்வமாக இருந்த கறுப்பு வகை, நூற்றாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட முழுக்க ஆக்கிரமித்துவிட்டது. ஐம்பது தலைமுறையில் இது நடக்க, வெளிறிய பூச்சியை விடக் கறுப்புப் பூச்சி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டிருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். புகைக்கரி படிந்த மரத்தில் வெளிறிய பூச்சி சுலபமாகக் கண்ணில் படும் என்பது யூகம்; பறவைகள் உண்மையிலேயே அப்படிப் பொறுக்கித் தின்கின்றனவா என்பதைக் காட்டிற்குப் போய்ப் பார்த்தது 1950-களில்தான். அந்தச் சோதனையின் மீது குறை சொன்னார்கள், பின்னால் மஜெரஸ் வருடக்கணக்கில் திருத்தமாகச் செய்து அதையே உறுதி செய்தார். 2016-ல் அந்தக் கறுப்புக்குக் காரணமும் கிடைத்தது: இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று, 1819 வாக்கில், ஒரு மரபணுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. டார்வினுக்குத் தெரியாமல் போன அந்த விஷயத்தை இன்றைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது.

ஃபிஷர், ஹால்டேன், ரைட் மூவரின் கணக்கோடு, களத்தில் வேலை பார்த்த டோப்ஷான்ஸ்கி, மயர், புதைபடிவக்காரர் சிம்ப்சன் எல்லாரும் சேர்ந்து 1930-களிலும் 40-களிலும் கட்டியதைத்தான் நவீன ஒருங்கிணைப்பு என்கிறார்கள். கட்டிடம் உறுதியானது, கூடவே ஒரு திமிரும் வந்தது என்பது என் அபிப்பிராயம். எதைப் பார்த்தாலும், இது எதற்காவது பயன்பட்டிருக்கும், இயற்கைத் தேர்வுதான் இதைச் செதுக்கியிருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டும் பழக்கம்.

அதை உடைத்தவர் ஜப்பானின் மோட்டோ கிமுரா. டார்வினுக்குப் பிறகு நடந்த மாற்றங்களில் இதுதான் ஆழமானது என்று நினைக்கிறேன், வெளியே அதிகம் பேசப்படாததும் இதுதான். 1960-களில் புரதங்களை ஒப்பிட ஆரம்பித்தபோது, இனங்களுக்கு இடையிலும் ஒரே இனத்துக்குள்ளும் வித்தியாசங்கள் கொட்டிக் கிடந்தன. இவ்வளவையும் தேர்வு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்க வாய்ப்பே இல்லை, மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றத்தில் பெரும்பகுதி நன்மையும் இல்லாத தீமையும் இல்லாத வெறும் குலுக்கல் என்று 1968-ல் எழுதினார். ஒரு சின்ன உதாரணம் போதும். டிஎன்ஏவில் ஜி-ஜி-டி என்ற மூன்றெழுத்து கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். கடைசி எழுத்தை சி, ஏ, ஜி என்று எதற்கு மாற்றினாலும் அதே கிளைசின்தான் வரும். எழுத்து மாறிவிட்டது, புரதம் அப்படியே இருக்கிறது. தேர்வின் கண்ணுக்கு அநேகமாக அது படவே படாது. அப்படிப்பட்ட மாற்றம் ஒன்று, யாருக்கு எத்தனை பிள்ளை என்ற தற்செயலில் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கி, ஒருநாள் காணாமல் போகும் அல்லது மொத்த இனத்துக்கும் சொந்தமாகிவிடும். இதை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. கிமுராவோடு வேலை பார்த்த டோமோகோ ஓடா, லேசாகக் கெடுதல் செய்யும் மாற்றங்கள்கூடச் சிறிய கூட்டத்தில் தப்பித்துவிடும் என்று 1973-ல் திருத்தம் சேர்த்தார். இன்றைக்கு ஒரு மரபணுவில் இயற்கைத் தேர்வு நடந்தது என்று யாராவது சொல்ல வந்தால், முதலில் அது வெறும் குலுக்கல் இல்லை என்று காட்டியாக வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறிவிட்டது.

மரமும் மாறியது. டார்வின் வரைந்த கிளைபிரியும் மரத்தில் கிளைகள் பிரியும், சேராது. 1967-ல் லின் மார்குலிஸ், நம் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா, இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது என்று எழுதினார். பதினைந்து இதழ்கள்போலத் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ, பாக்டீரியாவைப் போலவே வளையமாக இருக்கிறது, மனிதருடையதில் 37 மரபணுக்கள். அதன் எழுத்துக்களைப் படித்துப் பாக்டீரியாவோடு ஒப்பிட்ட பிறகு வாதம் அடங்கியது. பாக்டீரியாக்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் மரபணுவைக் கொடுத்து வாங்குகின்றன என்பது தெரிந்தபின், மரத்தின் அடிப்பகுதி வலை மாதிரி சிக்கலாகிவிட்டது. நாமும் விலக்கு இல்லை. மனித டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ்களின் மிச்சம், கருவுக்கு உணவு போகும் நஞ்சுக்கொடித் திசுவில் செல்களை ஒட்ட வைக்கும் ஒரு புரதமே அப்படி வைரஸிடமிருந்து வந்ததுதான். நியாண்டர்தால் கதை 2010-ல் மாறியது: அதுவரை அவர்கள் சுவடில்லாமல் போனார்கள் என்றே பலரும் நினைத்தார்கள், டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் மக்களிடம் அவர்களின் பங்கு சுமார் 2 சதவீதம் இருக்கிறது.

தூர உறவினர்களிடம் ஒரே மரபணுவைத் தேடுவது வீண் வேலை என்று மயர் 1963-ல் எழுதியிருந்தார். எத்தனையோ கோடி வருடத் தேர்வில் எல்லாம் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும் என்பது அவர் நினைப்பு. 1995-ல் கெரிங்கின் ஆய்வகத்தில், எலிக்குக் கண் உருவாகக் காரணமான மரபணுவை எடுத்து ஈயின் உடம்பில் கண்ட இடத்தில் வேலை செய்ய விட்டார்கள். கண் முளைத்தது. அதுவும் எலிக் கண் இல்லை, ஈயின் கண்.

லமார்க் திரும்பி வந்துவிட்டார் என்று அடிக்கடி தலைப்பு போடுகிறார்கள். டிஎன்ஏவின் எழுத்தை மாற்றாமல் அதன் மேல் ஒட்டும் அடையாளங்கள் சில சமயம் அடுத்த தலைமுறைக்கும் போகின்றன என்பது உண்மை, செடிகளில் பல தலைமுறைகூட நிற்கும். ஆனால் பாலூட்டிகளில் கருவுறும் சமயத்தில் அவற்றில் பெரும்பாலானவை துடைக்கப்பட்டுவிடும், அதனால் லட்சக்கணக்கான வருடக் கதையை இதை வைத்து எழுதுவது கொஞ்சம் ஓவர். கொள்கையையே மறுபடி யோசிக்க வேண்டுமா என்று 2014-ல் 'நேச்சர்' இதழில் இரு தரப்பும் எதிரெதிராக எழுதினார்கள். வேண்டும் என்றவர்கள் சொன்ன நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றை மற்ற தரப்பும் ஒத்துக்கொண்டது, அவற்றுக்கு எவ்வளவு பெரிய இடம் கொடுப்பது என்பதில்தான் தகராறு.

டார்வின் தப்பாகக் கணித்தது இன்னொன்று, வேகம். இதெல்லாம் மனித ஆயுளில் பார்க்க முடியாத மெதுவான வேலை என்றே நினைத்தார். 1988 பிப்ரவரி 24-ல் ரிச்சர்ட் லென்ஸ்கி ஒரே ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து பன்னிரண்டு குடுவைகளை ஆரம்பித்தார். கொஞ்சம் குளுக்கோஸ், ஒவ்வொரு நாளும் குடுவையில் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவது, 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறைய வைப்பது. அவ்வளவுதான் வேலை. ஒரு நாளுக்கு ஆறேழு தலைமுறை ஓடும். குடுவையில் இருக்கும் கரைசலில் சிட்ரேட்டும் நிறைய உண்டு, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலை அதைச் சாப்பிடாது, அது அந்த இனத்தின் அடையாளமே. 2003-ல் ஒருநாள் ஒரு குடுவை மட்டும் கலங்கிப்போய் இருந்தது. வெளியிலிருந்து வேறு ஏதாவது கிருமி புகுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பார்த்தால் அவர்களுடைய பாக்டீரியாவேதான், சுமார் 31,500-வது தலைமுறையில் சிட்ரேட்டைச் சாப்பிடப் பழகியிருக்கிறது.

உறைய வைத்த மூதாதைகளை எழுப்பி, காலத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார் லென்ஸ்கியின் ஆய்வகத்தில் இருந்த சாக்கரி பிளவுன்ட். அதே குடுவையின் 20,000-வது தலைமுறைக்குப் பிந்தியவை மட்டும், அதுவும் அபூர்வமாக, மறுபடி சிட்ரேட்டைப் பிடித்தன. அதற்கு முந்தியவற்றால் முடியவே இல்லை. நடுவில் எப்போதோ, அன்றைக்கு எந்தப் பயனும் வெளியே தெரியாமல், ஏதோ ஒரு மாற்றம் அடித்தளம் போட்டு வைத்திருக்கிறது. தேர்வும் குலுக்கலும் ஒரே குடுவைக்குள் இப்படிக் கலந்து கிடக்கின்றன. 2022-ல் அந்தக் குடுவைகள் டெக்சாஸுக்கு இடம் மாறின, இப்போதும் தினமும் மாற்றி ஊற்றுகிறார்கள். மற்ற பதினொரு குடுவைகளும் அதே சிட்ரேட்டில்தான் இத்தனை வருடமும் மிதந்துகொண்டிருக்கின்றன, ஒன்றுகூட இன்னும் அதைத் தொடவில்லை.